போலீஸ் வீட்டு லைன்

திருடனுக்குத் தேள் கொட்டினால் வாயைப் பொத்திக்கொண்டு கிடப்பான் என்பார்கள். போலீஸ்காரர் வீட்டில் கொட்டினாலும் அதே கதிதான். குற்றாலம் ஐந்தருவி ரோட்டில், ஓய்வு பெற்ற ஏட்டு இசக்கியப்பன் வீட்டில் அன்றைக்கு அப்படித்தான் ஆயிற்று. தென்காசி சைபர் கிரைம் போலீஸிலிருந்து ஒரு போன். பேசியது ஒரு பெண் குரல். "ஜெயசித்ராங்கிறது யாரு? ஒரு விசாரணை இருக்கு, நேர்ல வாங்க." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மிக்சி ஓடவில்லை, டிவி ஓடவில்லை, ஏட்டையாவின் வாயும் ஓடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த வாய் ஓடாமல் நின்றது அன்றைக்குத்தான் என்று அவர் மனைவி சங்கரம்மாள் பிற்பாடு சொன்னாள்.

ஜெயசித்ரா அவர்களுக்கு ஒரே மகள். எஸ்.ஐ. தேர்வு எழுதி, ஓட்டம், நீளம் தாண்டல், நேர்காணல் எல்லாம் தாண்டி, பட்டியலில் பெயர் வந்து, தெரு முழுக்க அல்வா கொடுத்தாகிவிட்டது. பாக்கி இருந்தது வெரிஃபிகேஷன் ஒன்றுதான். உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வருவார். பிள்ளைமேல் வழக்கு ஏதும் உண்டா, ஆள் எப்படி என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுதிக்கொண்டு போவார். சுத்தமாக இருந்தால் பயிற்சிக்கு அழைப்பு வரும். வழக்கில் பெயர் இருந்தாலோ, இத்தனை வருஷப் பாடும் அம்போ. இந்த நேரம் பார்த்தா அந்த போன் வர வேண்டும்!

அப்பாவோடு தென்காசிக்குப் போன அவளை விசாரித்தவர் எஸ்.ஐ. ரஹ்மத். ஜெயசித்ராவைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். அவருடைய தோளில் இருந்த இரண்டு நட்சத்திரங்களைப் பார்க்காமல் இருக்க ஜெயசித்ரா முயன்று பார்த்தாள். கண் அங்கேயேதான் போனது.

"போன மாசம் வந்த புதுப்படம்," என்றார் ரஹ்மத். "தியேட்டருக்கு வந்த அன்னைக்கே நெட்லயும் வந்துட்டு. அதைத் திருட்டுத்தனமா எறக்குன கனெக்‌ஷன்ல உங்களோடதும் ஒண்ணு. கனெக்‌ஷன் உங்க பேர்லதான இருக்கு?"

ஆமாம், அவள் பெயரில்தான். ஆன்லைன் வகுப்புக்கென்று அவளே தன் ஆதாரைக் கொடுத்து வாங்கிய இணைப்பு.

"நான் எறக்கல மேடம்."

"எல்லாரும் சொல்லுததுதான்."

"எறக்கலன்னு நான் சொல்லுதேன். எறக்குனதா நீங்க எப்படிச் சொல்லுதீங்க? அதைச் சொல்லுங்க மேடம்."

ரஹ்மத் நிமிர்ந்து பார்த்தார். விசாரணைக்கு வந்தவர்கள் அழுவார்கள், கட்சி அண்ணாச்சி பெயரைச் சொல்லுவார்கள், சாமிமேல் சத்தியம் செய்வார்கள். எப்படிப் பிடித்தீர்கள் என்று பாடம் கேட்ட ஆளை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"கல்யாணப் பந்தின்னு வச்சுக்கிடுங்க. ஆனா இதுல பரிமாற தனியா ஆள் கிடையாது. சாப்பிட உக்காந்தவனே பக்கத்து எலைக்கும் எடுத்து வைக்கணும். டோரண்ட்னா அதுதான். படம் ஒரே எடத்துலேர்ந்து வராது. ஆயிரம் துண்டா ஆயிரம் பேர்ட்ட கெடக்கும். ஒருத்தன் ஒரு துண்ட வாங்குன ஒடனே, அதைக் கேக்கவனுக்கு அவன் மெஷினே எடுத்துக் கொடுக்கும். யாரு யாருக்குக் கொடுக்கான்னு அந்தப் பந்தியில உக்காந்த எல்லாருக்கும் தெரியும். படக்கம்பெனி சென்னையில ஒரு ஏஜென்சிய வச்சிருக்கு. அவங்களும் சாப்பிட வந்தவங்க மாதிரி பந்தியில உக்காந்துட்டாங்க. ஒரு துண்டு கேட்டாங்க. உங்க வீடு கொடுத்திச்சு. கனெக்‌ஷனுக்கு ஒரு நம்பர் உண்டுல்லா, அது எந்த நம்பர், எந்த நேரம்னு குறிச்சிக்கிட்டாங்க. அந்த நேரத்துல அந்த நம்பர் யாருக்குக் கொடுத்திருந்தீங்கன்னு இன்டர்நெட் கம்பெனிய நாங்க கேட்டோம். உங்க பேரச் சொன்னாங்க. மாயமந்திரம் ஒண்ணும் இல்ல."

ஜெயசித்ரா அதை மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

"அப்போ வீடு வரைக்கும்தான் தெரியும். வீட்டுக்குள்ள யாரு கைன்னு தெரியாது."

"தெரியாது. அதுக்குத்தான் கூப்பிட்டேன். வீட்டுல இருக்க லேப்டாப், போன் எல்லாத்தையும் கொண்டாந்து கொடுங்க, பாத்துருவோம். ஆனா கை யாருன்னு தெரியலைன்னா, எஃப்.ஐ.ஆர்.ல உங்க பேரத்தான் எழுதணும். படக்கம்பெனிக்காரங்க அடுத்த வாரம் முறைப்படி எழுத்துல புகார் கொடுக்க வாறாங்க." சொல்லிவிட்டு ரஹ்மத் ஒரு தாளைப் புரட்டினார். "ஒண்ணு சொல்லுதேன். இது என்னைக்கோ நடந்து முடிஞ்சது இல்ல. நேத்துக்கூட உங்க வீடு பரிமாறியிருக்கு."

நேற்று! நேற்று ஜெயசித்ரா லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. மாடி அறையில் சீசனுக்குத் தங்கியிருந்த மதுரைக்காரர்கள் கிளம்பிப் போய் ஒரு வாரம் ஆகிவிட்டது. அப்படியென்றால் திருடன் வந்துவிட்டுப் போனவன் இல்லை. இன்னும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான்.

பஸ்ஸில் திரும்பும்போது இசக்கியப்பனுக்கு வாய் திரும்பி வந்தது. "நீ ஒண்ணும் வெசனப்படாத. டி.எஸ்.பி. ஆபீஸ்ல நம்ம பய ஒருத்தன் இருக்கான். என்கூட வாசுதேவநல்லூர்ல ஒண்ணா வேல பாத்தவன். ஒரு வார்த்த சொன்னா, அப்படியே அமுக்கிப் போட்டுருவான்."

"போன் போட்டீங்கன்னா நான் இந்த வேலைக்கே போக மாட்டேன்."

"ஏளா, ஒன் நல்லதுக்குத்தான..."

"அமுக்குனது அமுக்குனதாத்தான் கெடக்கும்பா. என்னைக்காவது ஒருத்தன் தோண்டி எடுப்பான். அன்னைக்கு நான் மூணு ஸ்டார் வச்சிருந்தாலும் தலை தூக்க முடியாது. செஞ்சது யாருன்னு நான் கண்டுபிடிக்கேன். அது வரைக்கும் சும்மா இருங்க."

இசக்கியப்பன் சும்மா இருந்தார். முப்பது வருஷம் காக்கி போட்டவர், மகளுடைய குரலில் ஒரு இன்ஸ்பெக்டரைக் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது அந்தத் தெருவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு ஒருத்தர் போலீஸிலோ பட்டாளத்திலோ இருக்கிற தெரு அது. ஆனாலும் எல்லாருக்கும் ஏட்டையா வீடுதான் 'போலீஸ் வீடு'. அவருக்கும் அதில் ஏகப் பெருமை. அந்தப் பெருமையில், மகள் வாங்கிய வைஃபையின் பாஸ்வேர்டைத் தெருவுக்கே தாரை வார்த்துவிட்டார். பாஸ்வேர்டு என்ன தெரியுமா? போலீஸ், அப்புறம் ஒரு நூறு. கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லுவார். "போலீஸ் வீட்டு லைன்லே! என்ன வேணும்னாலும் பாரு, எவன் வந்து கேப்பான்?"

கேட்க ஆள் வந்துவிட்டது. முதல் வேலையாக ஜெயசித்ரா பாஸ்வேர்டை மாற்றினாள். லைனைத் தின்று பழகியவன் பசித்தால் கதவைத் தட்டுவான் என்பது அவள் கணக்கு.

தட்டினார்கள், அப்படித் தட்டினார்கள்! காலையில் முதல் ஆளாகப் பட்டாளத்து வேல்ராஜ் வந்து நின்றார். எல்லையில் இருக்கிற மகனோடு முகம் பார்த்துப் பேசுவது இந்த லைனில்தானாம். எதிர்வீட்டு சங்கரேஸ்வரி டீச்சர் வந்தாள்; வருகைப்பதிவு ஏற்றவில்லையென்றால் தலைமையாசிரியை கடித்துக் குதறிவிடுவாளாம். முனைவீட்டு மருமகள் வந்தாள், சீரியல் பாதியில் நின்றுவிட்டதாம். யாரென்றே தெரியாத ஒரு ஆட்டோக்காரர் வந்து, "நான் மரத்தடியில வண்டிய நிப்பாட்டுனா இங்கன நல்லா எடுக்கும்க்கா," என்றார்.

"ஊருக்கே தண்ணிக் குழாயத் தொறந்து விட்டுட்டு, குடத்தக் காணோம்னு தேடுதீயளே," என்று சங்கரம்மாள் புருஷனைப் பார்த்துச் சொன்னாள். ஏட்டையா செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்.

வந்த எல்லாரையும் ஜெயசித்ரா பார்த்தாள். ஒருத்தர் முகத்திலும் கள்ளம் இல்லை. ஆனால் வராத ஒருத்தன் இருந்தான்.

பாண்டி. அவளுடைய அத்தை வடிவம்மாளின் மகன். அத்தை இசக்கியப்பனின் தங்கை. புருஷன் போனபின் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறாள். பாண்டி பேரருவிக்குப் போகிற வழியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அருவியில் நனையாமல் போனைப் போட்டுக் கழுத்தில் தொங்கவிடுகிற பிளாஸ்டிக் உறை சீசனில் அவன் கடையில் சக்கைப்போடு போடும். தினமும் சாயங்காலம் மாமா வீட்டுக்கு வருவான், சோபாவில் சாய்ந்து வைஃபையில் ரீல்ஸ் பார்ப்பான், டீ குடிப்பான், மாடிப்படி உச்சியில் இருக்கிற கேமராப் பெட்டியைத் துடைத்துவிட்டுப் போவான். போன வருஷம் வீட்டுக்கு இரண்டு கேமரா மாட்டிக் கொடுத்தவன் அவன்தான்.

பாஸ்வேர்டு மாறிய அன்றும் வந்தான். போனை எடுத்தான், பார்த்தான், பையில் போட்டுக்கொண்டான். டீ குடித்தான். மேலே போய்ப் பெட்டியைத் துடைத்தான். இறங்கிப் போனான். தெருவே வந்து கேட்டதை வீட்டுப்பிள்ளை கேட்கவில்லை!

இருக்காது, இருக்கவே கூடாது என்று ஜெயசித்ரா நினைத்தாள். விடிவதற்கு முன்னால் அவளை பைக்கில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போய், மழையில் நனைந்தபடி நின்று, அவள் ஓட ஓட நேரம் பார்த்துச் சொன்னவன் அவன். "இன்னும் கொஞ்சம்ட்டி சித்ரா, காலப் பாக்காத, கோட்டப் பாரு!" என்று தொண்டை கிழியக் கத்தியவன். இவள் தேர்வானதில் பாதி அவனுடையது.

மறுநாள் அவன் கடைக்குப் போன பிறகு, அம்மா, அப்பா போன்களை அணைக்கச் சொன்னாள். தன் போனையும் லேப்டாப்பையும் அணைத்தாள். டிவியின் பிளக்கைப் பிடுங்கினாள். இனி அந்த வீட்டில் இன்டர்நெட்டைத் தொடுவதற்கு ஒரு ஜீவன் கிடையாது. ஆனால் மூலையில் ரவுட்டர் பெட்டியின் பச்சை விளக்கு விடாமல் துடித்துக்கொண்டிருந்தது.

"அது கேமராளா," என்றார் இசக்கியப்பன். "படிக்கு மேல வயரு போகுதுல்லா."

"சரி, அதையும் அமத்துவோம்."

மாடிப்படி உச்சியில் அலமாரி அளவுக்கு ஒரு அறை. இன்வெர்ட்டரும் கேமராப் பெட்டியும் அங்கேதான். சாவி இரண்டு. ஒன்று ஏட்டையாவின் இடுப்பில், இன்னொன்று பாண்டியிடம். கதவைத் திறந்து ஜெயசித்ரா கேமராப் பெட்டியை அணைத்தாள். "அம்மா, வெளக்கு நின்னுட்டா?" என்று கீழே குரல் கொடுத்தாள்.

"நிக்கலட்டி, இன்னும் துடிக்கி!"

கீழேயிருந்து வந்த வயரைக் கையால் பிடித்துத் தடவிக்கொண்டே போனாள். அது கேமராப் பெட்டிக்கு நேராகப் போகவில்லை. நடுவில் தீப்பெட்டி மாதிரி ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து இரண்டு வயர். ஒன்று கேமராவுக்கு, மற்றொன்று இன்வெர்ட்டருக்குப் பின்னால். வயரில் வருவதற்குப் பாஸ்வேர்டு வேண்டாமே! அங்கே ஒரு மஞ்சள் பைக்கு அடியில், திரை கழற்றிய பழைய லேப்டாப் ஒன்று உட்கார்ந்து ஓடிக்கொண்டிருந்தது. தொட்டால் அடைகாக்கிற கோழி மாதிரிச் சூடு. பக்கவாட்டில் பென்டிரைவ் ஒன்று செருகியிருந்தது. மஞ்சள் பையில் பெரிதாக 'பாண்டி மொபைல்ஸ், குற்றாலம்.'

கட்டிய வேட்டியோடு ஏட்டையா படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கேமராவுக்கு ஒரு பெட்டி கூட வேணும் மாமான்னு சொன்னான். நான் என்னத்தக் கண்டேன்? சரிலேன்னுட்டேன்." சொல்லிக்கொண்டே கை நீட்டி வயரைப் பிடுங்கப் போனார்.

ஜெயசித்ரா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "தொடாதீங்கப்பா. ஓடுத நெலையிலயே இருக்கட்டும். ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். எத்தனை வீடுகளில் எத்தனை பேரிடம் அவர் அதைச் சொல்லியிருக்கிறார். கையை இழுத்துக்கொண்டார்.

சாயங்காலம் பாண்டி வழக்கம்போல விசில் அடித்துக்கொண்டு வந்தான். படியில் மாமா குறுக்காக உட்கார்ந்திருப்பதையும், மேலே கதவு திறந்து கிடப்பதையும் பார்த்தான். விசில் நின்றது.

"அத்தான், அது யாரு பெட்டி?" என்று கேட்டாள் ஜெயசித்ரா.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவன் முயலவில்லை. அதை அவனுக்குப் புண்ணியமாகவே எழுதலாம். "என்னுதுதான்," என்றான். "படம் எறக்குதேன். லாரிக்காரங்களுக்கு மெமரி கார்டுல ஏத்திக் கொடுக்கேன். புளியங்குடியிலேர்ந்து எலுமிச்ச ஏத்திட்டுப் போறவங்க, புளியறை செக்போஸ்ட்ல மணிக்கணக்குல கெடக்குறவங்க, அவங்களுக்குப் பொழுது போகணும்லா? இது ஒரு பெரிய குத்தமாட்டி?"

"அதை ஒன் கடையில வைக்க வேண்டியதுதான?"

"கடையில வச்சா பிடிச்சிருவான். செங்கோட்டைப் பக்கம் ஒருத்தன அப்படித்தான் அள்ளிட்டுப் போனாங்க. அதான் இங்கன கொண்டாந்தேன்." மாமாவைப் பார்த்தான். "போலீஸ் வீட்டு லைன எவன் வந்து கேப்பான்? நீங்கதான மாமா வாய்க்கு வாய் சொல்லுவீய?"

இசக்கியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த லைனுக்கு முகவரி மட்டும்தான் உண்டு. அந்த முகவரியில் ஏட்டு இருந்தால் என்ன, எமன் இருந்தால் என்ன, அதற்குத் தெரியவா போகிறது? ஊருக்குள் செல்லுபடியாகிற மரியாதை வயருக்குள்ளும் செல்லுபடியாகும் என்று நினைத்துவிட்டார்கள், மாமனும் மருமகனும்.

"கேட்டுட்டாங்க அத்தான்," என்றாள் ஜெயசித்ரா. தென்காசியில் நடந்ததை முழுக்கச் சொன்னாள். பாண்டியின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"நான் எறக்கத்தானட்டி செஞ்சேன்? ஒருத்தனுக்கும் நெட்டுல அனுப்பலயே?"

"எறக்கும்போதே அது அனுப்பும். நீ தூங்கும்போதும் அனுப்பும். அப்படிக் கேட்டு வாங்கித்தான் பிடிச்சிருக்காங்க. லைன் யாரு பேருல இருக்குன்னு பாத்தியா? என் பேருல."

அவன் அதை நினைத்தே பார்த்திருக்கவில்லை. மாமா வீட்டு லைன் என்றால் மாமா பெயரில்தான் இருக்கும் என்று இருந்திருக்கிறான். சுவரில் சாய்ந்து நின்றான். "ஐயோ, ஒன் வேலை..." என்றான்.

சத்தம் கேட்டு வடிவம்மாள் ஓடிவந்தாள். 'எஸ்.ஐ. மருமக' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள். விஷயத்தைக் கேட்டதும் அண்ணன் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, அந்தச் சனியனத் தூக்கிச் சித்தாத்துல போட்டுருவோம். போன வாரம் மாடியில மதுரைக்காரங்க தங்குனாங்கல்லா? அவங்க எவனோ செஞ்சிட்டுப் போயிட்டான்னு சொல்லுவோம். சீசனுக்கு வந்தவன எங்கன போயித் தேடுவாவ? எனக்கு இருக்கது இவன் ஒருத்தன்தான்ணே!"

இசக்கியப்பன் மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஏட்டு இல்லை. தங்கையைத் தோளில் தூக்கி வளர்த்த அண்ணன்தான் இருந்தான். "ஏளா," என்றார் மெதுவாக, "அத்த சொல்லுததும் ஒரு வழிதான..."

வழிதான். யாருக்கும் தெரியாது. பெட்டி ஆற்றோடு போகும், பழி ஊர் பேர் தெரியாத யாரோடோ போகும், வேலையும் தப்பும். ஜெயசித்ராவுக்கு ஆசை வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வந்தது. தொண்டை வரைக்கும் வந்தது.

"மதுரைக்காரங்க வீட்டுலயும் ஒரு பிள்ள வெரிஃபிகேஷனுக்குக் காத்துக்கிட்டு இருக்கும் அத்தை," என்றாள். "நான் அதைச் செய்ய மாட்டேன்."

"அப்போ என் மவன ஜெயிலுக்கு அனுப்புவியாட்டி? ஒனக்காக மழையில நின்னவன?"

"ஆமா, நின்னான். நான் மறக்கல. அதுக்குத்தான் இன்னைக்கே போலீஸ இங்க வரச்சொல்லாம அவன்ட்டப் பேசிக்கிட்டு இருக்கேன்." பாண்டி பக்கம் திரும்பினாள். "அத்தான், காலைல நான் தென்காசிக்குப் போறேன். நீயா வந்து சொன்னா அது ஒண்ணு, அவங்க தேடி வந்து இழுத்துட்டுப் போனா அது வேற. வந்தா சேந்து போவோம். வராட்டி தனியாப் போவேன். போறது மட்டும் போவேன்."

வடிவம்மாள் எழுந்தாள். வாசலுக்குப் போனாள். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, அண்ணன் வீட்டைப் பார்த்து வீசினாள். "நல்லா இருப்பியாட்டி நீ!" என்றாள். தெருவே பார்த்தது. மண் வாரித் தூற்றுவது என்பது அந்தப் பக்கத்தில் லேசுப்பட்ட காரியம் இல்லை. ஏழு தலைமுறைக்குச் சொல்லுவார்கள். சங்கரம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். ஜெயசித்ரா தலையில் விழுந்த மண்ணைத் தட்டிவிடாமல் அப்படியே நின்றாள்.

அன்றிரவு ஏட்டையா மாடிப்படியிலேயே பாயை விரித்தார். பெட்டிக்குக் காவலா, பெட்டியைத் தானே தூக்கி எறிந்துவிடாமல் இருக்கத் தனக்கே காவலா என்று அவருக்குத்தான் தெரியும்.

காலையில் ஜெயசித்ரா பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது சாரல் பொழிந்துகொண்டிருந்தது. பாண்டி அவளுக்கு முன்னாலேயே வந்து, இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றான். குடை பிடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இசக்கியப்பனும் வந்து சேர்ந்தார். மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்கள். இலஞ்சி தாண்டியது. அப்புறம் பாண்டி, "என்னைய நீ உள்ள கூட்டிட்டுப் போகாதட்டி, நானா நடந்து போறேன்," என்றான். அப்படியே நடந்து போனான்.

ரஹ்மத் ஆள் அனுப்பி, ஓடிக்கொண்டிருந்த நிலையிலேயே பெட்டியைப் படம் எடுத்து, சீல் வைத்து எடுத்துக்கொண்டார். அதற்குள் இருந்தது எல்லாம் ஏஜென்சி கொடுத்த குறிப்போடு அச்சாகப் பொருந்திவந்தது. வாக்குமூலம் கொடுக்க இசக்கியப்பனுக்கு ஒரு பெஞ்சைக் காட்டினார்கள். அவருக்கு அந்த மாதிரி பெஞ்சைத் தெரியும். எத்தனையோ பேரை உட்கார வைத்திருக்கிறார். உட்கார்ந்தார்.

"பெட்டி இருந்தது ஒங்களுக்குத் தெரியுமாய்யா?" என்று ரஹ்மத் கேட்டார்.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏட்டையா இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

"தெரியும். என்ன பெட்டின்னு கேக்கல. சாவி என்ட்டதான் இருந்துச்சு. என் வீட்டுக்கு எவன் வருவான்னு ஒரு திமிரு. அதையும் சேத்து எழுதிக்கிடுங்கம்மா."

ரஹ்மத் எழுதிக்கொண்டார். ஜெயசித்ராவின் பெயர் சாட்சிகளோடு சேர்ந்தது. பாண்டியைக் கைது செய்தார்கள். தானாக வந்து சொன்னவன் என்பதால் சீக்கிரமே ஜாமீன் கிடைத்தது, வழக்கு நடக்கிறது. கடைக்கு சீல் வைத்தார்கள். சீசன் முடியும்வரை பிளாஸ்டிக் உறைகள் உள்ளேயே தொங்கின.

தெரு இரண்டாகப் பிரிந்தது. பிள்ளைன்னா இப்படி இருக்கணும் என்று பாதி, இவளெல்லாம் ஒரு பிள்ளையா என்று பாதி. வைஃபை போன கோபத்தில் இரண்டாம் பாதியில் ஆள் கொஞ்சம் கூடுதல். ஜாமீனில் வந்த பாண்டி தெருவில் அவளைப் பார்த்தால் தலையை ஆட்டுவான், ஒதுங்கிப் போவான். வடிவம்மாளிடம் அதுகூடக் கிடையாது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற இடுப்பளவுச் சுவருக்கு மேல் கிண்ணமும் குழம்பும் போய்வருவது நின்றுபோனது.

அப்படியிருந்த ஒரு நாளில்தான் வெரிஃபிகேஷனுக்கு ஏட்டு ஏசுவடியான் வந்தார். இசக்கியப்பன் வேலை பார்த்த காலத்து ஆள் இல்லை, புதுசு. வழக்கு விவரம் எல்லாம் அவர் கையிலேயே இருந்தது. "சாட்சிதானம்மா நீங்க, அதுல ஒண்ணும் இல்ல. அக்கம்பக்கத்துல கேட்டு எழுதணும். அவ்வளவுதான்," என்றார். வேல்ராஜ் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். டீச்சர் பள்ளிக்கூடம் போயிருந்தாள். ஏசுவடியான் இடமும் வலமும் பார்த்தார். திறந்து கிடந்த கதவு ஒன்றே ஒன்று.

வடிவம்மாள் முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, அங்க போறாரே," என்று சங்கரம்மாள் பதறி எழுந்தாள். "நான் போயி சொந்தக்காரின்னு சொல்லிக் கூட்டிட்டு வாரேன். அவ வாயில என்ன வரும்னு..."

"உக்காரும்மா," என்றாள் ஜெயசித்ரா. அவள் கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது. "கேக்கட்டும். வாறது வரட்டும்."

சுவருக்கு அந்தப்பக்கம் பேசியது எல்லாம் இங்கே கேட்டது.

"ஆச்சி, பக்கத்து வீட்டுப் பிள்ள ஜெயசித்ராவத் தெரியுமா? எஸ்.ஐ. வேலைக்கு விசாரிக்க வந்திருக்கேன். ஆள் எப்படி?"

முறம் நின்றது. இசக்கியப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்படின்னா கேக்கீரு?" என்றாள் வடிவம்மாள். "அவளுக்கு ஈவு இரக்கம் கெடையாது. நான் அவளுக்குச் சொந்த அத்த. என் மவன் அவள ஓட வச்சு ஆளாக்குனவன். அவன் ஒரு தப்பு செஞ்சான். வெளியில தெரியாம முடிக்க வழி இருந்துச்சு, காலப் பிடிக்காத கொறையா நான் கேட்டேன். கேக்கலயே! பொய் சொல்லுன்னேன், சொல்ல மாட்டேன்னுட்டா. பெத்த அப்பன் சொல்லியும் கேக்கல. மண்ண வாரித் தூத்துனேன், அசையாம நின்னு வாங்கிக்கிட்டா. சொந்தம் பந்தம், மாமன் மச்சான் ஒண்ணும் அவ கண்ணுக்குத் தெரியாது. அப்படியாப்பட்டவ அவ. எழுதும்வே!"

ஏசுவடியான் பேனாவைப் பிடித்தபடி முழித்தார். "ஆச்சி, இத நல்ல விதமாச் சொல்லுதீயளா, கெட்ட விதமாச் சொல்லுதீயளா? நான் என்னன்னு எழுத?"

வடிவம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

"ஒங்களுக்கு நல்லது, எனக்குக் கெட்டது. அப்படியே எழுதும். எங்கன கையெழுத்துப் போடணும்?"

முறம் மறுபடியும் ஓடத் தொடங்கியது. ஜன்னலருகே ஜெயசித்ரா, மண் விழுந்த அன்றைக்கு அழாததையெல்லாம் சேர்த்து வைத்து அழுதாள்.